பைன் மரத்துத் தத்தி

மலைப்பாதையிலே செல்லும் ஒருவர் பைன் மரமொன்றின் நிழலிற் சிறிது நேரம் தங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓங்கி வளர்ந்த மரம், ஊசிபோன்ற இலைகள், காற்று வீசும்போது தொலைவிற் கடலோசை கேட்பது போன்றதோர் இரைச்சல். பறவைகள் மிகுதியாக இல்லை, மலர்கள் இல்லை. 'இம்மரத்தில் குடியிருப்போர் எவருமிலர்' என்ற எண்ணத்துடன் அவர் எழுந்து செல்வது இயல்பே. ஆயினும், வட அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள பைன் மரமாயின், அவருடைய தலைக்கு ஓர் அடி உயரத்திலே, நெல்மணியிலும் சிறிய பூச்சியொன்று கிளையோடு கிளையாக ஒட்டி அமர்ந்து, அவர் போகும்வரை அசையாதிருந்திருக்கக் கூடும். பூச்சியியலார் அதற்கு இட்ட பெயர் கோபெலியா. அச்சிறு பூச்சி எத்தகையது, அதன் பெயர் எங்கிருந்து வந்தது என்பனவே இப்பேச்சின் பொருள்.

பூச்சியை அறிவதற்கு முன்னே, அது வாழும் மரத்தை அறிதல் வேண்டும். பைன் என்பது ஒரு மரத்தின் பெயரன்று. நூற்றுக்கும் மேற்பட்ட இனங்களைக் கொண்ட ஒரு பெருங்கூட்டத்தின் பெயர். இக்கூட்டம் ஏறக்குறைய முழுவதும் பூமியின் வட பாதியைச் சேர்ந்தது. சுமாத்திராத் தீவிலே இயற்கையாக வளரும் ஓர் இனம் மாத்திரமே நிலநடுக்கோட்டைத் தாண்டித் தெற்கே சென்றுள்ளது. இலங்கையிலோ தென்னிந்தியாவிலோ தானாக முளைத்த பைன் மரம் கிடையாது. இலங்கையின் மலைநாட்டில் இன்று வரிசை வரிசையாகக் காணப்படும் பைன் மரங்கள், கரிபியன் கடலை அடுத்த நாடுகளுக்குரிய இனமொன்றைக் கொண்டுவந்து, வளம் குன்றிய நிலங்களிலே வனத்துறையினர் நட்டு வளர்த்தவை. ஆதலின், அம்மரத்தைக் கண்ணாற் கண்ட இலங்கையர் பலர் உளராயினும், அதன் பிறந்தகத்தில் அதனோடு கூடி வாழும் சிற்றுயிர்களைக் கண்டவர் மிகச் சிலரே.

பைன் மரத்தின் இலை ஓர் ஊசி. அவ்வூசிகள் தனித்தனியாக முளைப்பதில்லை. கட்டுக் கட்டாக முளைக்கின்றன. ஓர் இனத்திற் கட்டுக்கு இரண்டு ஊசிகள், வேறோர் இனத்தில் மூன்று, இன்னோர் இனத்தில் ஐந்து; வட அமெரிக்காவின் வறண்ட மலைகளில் வாழும் இனமொன்றில் ஒரேயோர் ஊசி. ஊசியின் மேற்புறத்தில் மெழுகுப் பூச்சு. உள்ளே பிசின் ஓடும் குழாய்கள். கடிக்க வருவதை அப்பிசின் ஒட்டிப் பிடிக்கும். அதன் காரம் பல பூச்சிகளை விரட்டும். கோட்டையும் அகழியும் கொண்ட நகரம் போன்றது பைன் மரம். அந்நகரத்துள் நுழைந்து, அங்கேயே பரம்பரை பரம்பரையாகக் குடியிருப்பதற்குத் தனித்திறமை வேண்டும். கோபெலியா அத்திறமை வாய்ந்தது.

இனி, பூச்சியைக் காண்போம். இலைத்தத்திகள் என்னும் பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது கோபெலியா. நெற்செய்கையில் ஈடுபட்டோருக்குத் தத்தி என்னும் சொல் புதிதன்று. வயலில் அறக்கொட்டி என்று உழவர் அஞ்சும் கபிலநிறத் தத்தி, இலைத்தத்திகளுக்குத் தூரத்து உறவினது. பச்சைத் தத்தியோ அக்குடும்பத்துக்கே உரியது. மாலையில் விளக்கேற்றியதும் வந்து மொய்க்கும் சிறு பச்சைப் பூச்சிகளுட் பல இவ்வகையினவே. உலகில் இதுவரை இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட இலைத்தத்தி இனங்களை அறிஞர் விவரித்துள்ளனர். பூச்சியுலகின் மிகப் பெரிய குடும்பங்களுள் இதுவும் ஒன்று.

இவை யாவும் சாறு உறிஞ்சி வாழ்பவை. கடிக்கும் தாடை இவற்றிற்கு இல்லை. ஊசிபோன்ற அலகைத் தாவரத்தின் உள்ளே செலுத்தி, அதனுள் ஓடும் சாற்றைக் குடிக்கின்றன. பின்னங்காலின் நீண்ட பகுதியிலே வரிசையாக முட்கள் அமைந்திருக்கும். இலைத்தத்தியை அடையாளம் காண்பதற்கு அறிஞர் முதலிற் பார்ப்பது அம்முட்களையே. அக்கால்களை விசையோடு நீட்டித் தன் உடலின் நீளத்தைப் போற் பன்மடங்கு தொலைவுக்குத் தாவ வல்லது அது. 'தத்தி' என்ற தமிழ்ப் பெயர் இத்தாவுதலிலிருந்து பிறந்ததே. பெண் பூச்சி தன் உடலின் முனையிலுள்ள கூரிய உறுப்பினால் தாவரத்தின் திசுவைக் கீறி, அதனுள்ளே முட்டையை இடும். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு புழுவாக இருப்பதில்லை; தாயைப் போன்ற வடிவத்துடன், சிறகு மாத்திரம் இல்லாமற் பிறக்கிறது. ஐந்து பருவங்களாக வளர்ந்து, தோலுரித்துத் தோலுரித்து, இறுதியிற் சிறகு பெறுகிறது. கூட்டுப்புழுப் பருவம் என்பது இதன் வாழ்விலே இல்லை.

தாவரச் சாறு ஒரு வறிய உணவு. உடலை வளர்ப்பதற்கு வேண்டிய சத்துகள் பல அதில் இல்லை. அவ்வாறாயின் இப்பூச்சிகள் உயிர் வாழ்வது எங்ஙனம்? இலைத்தத்தியின் உடலினுள்ளே தனியான உறுப்புகள் சில உள. அவற்றின் கலங்களிலே கண்ணுக்குப் புலப்படாத பக்டீரியாக்கள் வாழ்கின்றன. சாற்றில் இல்லாத சத்துகளை அவை ஆக்கிக் கொடுக்க, பூச்சி அவற்றுக்கு இடமும் உணவும் கொடுக்கிறது. தாய் தன் முட்டையினூடாக அவற்றைப் பிள்ளைகளுக்கு வழங்கிச் செல்கிறது. சில பூச்சிக் குலங்களில் இவ்வுறவு 25 கோடி ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்து வந்துள்ளது என்று இக்கால ஆராய்ச்சியாளர் கணித்துள்ளனர். மனிதர் மண்ணில் தோன்றுவதற்கு எத்துணையோ காலத்துக்கு முன்னரே எழுதி முடிக்கப்பெற்ற உடன்படிக்கை இது. இன்றுவரை எத்தரப்பும் அதை மீறவில்லை.

இவற்றின் மேனியைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. இலைத்தத்திகளுட் பெரும்பாலானவை தோலுரித்த பின்னர், தம் உடலிலிருந்து சுரக்கும் ஒரு திரவத்தைக் கால்களால் எடுத்து மேனி எங்கும் பூசிக்கொள்கின்றன. அது உலர்ந்ததும், நுண்ணிய உருண்டைகள் கோடிக்கணக்கில் உடலை மூடுகின்றன. சாதாரண நுணுக்குக்காட்டியில் அவை வெறுந் தூளாகவே தெரியும். 1950களின் தொடக்கத்தில் இலத்திரன் நுணுக்குக்காட்டி கொண்டு பார்த்தபோதுதான், ஒவ்வோர் உருண்டையும் வலைப்பின்னல் போன்ற வேலைப்பாடு உடையது என்பது வெளியாயிற்று. நீரும், பூச்சி தானே வெளியேற்றும் ஒட்டுத் திரவமும் உடலிற் படாமல் அவை தடுக்கின்றன. குடையும் கவசமும் ஒன்றாக அமைந்தாற் போன்றது அப்பூச்சு.

இனிக் கோபெலியாவைத் தனியாக நோக்குவோம். நெருங்கிய உறவுடைய இனங்கள் சில சேர்ந்தது ஒரு சாதி எனப்படும். கோபெலியா என்பது அத்தகைய ஒரு சாதி. விரல்விட்டு எண்ணத்தக்க சில இனங்களே அதில் உள. அவை யாவும் வட அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்கு உரியவை. பைன் மரங்களையே இருப்பிடமாகக் கொண்டவை. இச்சாதிக்குத் தனி அடையாளம் தருவது அதன் தலை. பெரும்பாலான இலைத்தத்திகளின் தலை முன்புறம் உருண்டோ கூர்ந்தோ இருக்கும். கோபெலியாவின் தலையோ அகன்று, தட்டையாகி, விளிம்பிலே மெல்லிய தகடு போல விரிந்திருக்கிறது. உடலும் தட்டையே. ஒரு பொருளின் உடல் தட்டையாகவும் விளிம்பு மெலிதாகவும் இருப்பின், அது ஒட்டியிருக்கும் பரப்பின் மேல் நிழல் விழாது. நிழல் இன்றேல் கண்ணுக்குப் பிடிபடுவதும் அரிது. மரப்பட்டையில் வாழும் உயிர்கள் பலவற்றில் இத்தகைய உடலமைப்பைக் காணலாம்.

இச்சாதியை 1897ஆம் ஆண்டில் முதன்முதலாக விவரித்துப் பெயரிட்டவர் சாள்ஸ் புல்லர் பேக்கர் என்னும் அமெரிக்கர். அவர் பிற்காலத்தில் பிலிப்பைன் தீவுகளுக்குச் சென்று, லொஸ் பானொஸ் விவசாயக் கல்லூரியின் தலைவராகப் பணியாற்றி, 1927இல் அந்நாட்டிலேயே காலமானவர். தலையின் விசித்திர அமைப்பு காரணமாகக் கோபெலியாவை எவ்விடத்திற் சேர்ப்பது என்பது அறிஞர்க்கு நெடுங்காலம் ஒரு சிக்கலாகவே இருந்தது. அதற்கெனத் தனியான துணைக்குடும்பமொன்றை வகுத்தோரும் உண்டு. பின்னர், உடலமைப்பையும் பரம்பரை அலகுகளின் சான்றையும் ஒருங்கே ஆராய்ந்தோர், 6,600க்கும் மேற்பட்ட இனங்களைக் கொண்ட ஒரு பெருந் துணைக்குடும்பத்தினுள் அதைச் சேர்த்தனர். 2013இல் வெளியான விரிவான ஆய்வொன்றில், ஐரோப்பாவின் பைன் மரங்களில் வாழும் கிறைபோட்டீஸ் என்னும் சாதியும் கோபெலியாவும் ஒரே கிளையில் வைக்கப்பட்டன. ஒரு சமுத்திரத்தின் இரு கரைகளிலும் வெவ்வேறு பைன் இனங்களில் வாழும் இரு குடும்பத்தார், ஒரே பாட்டனாரின் வழிவந்தோர் என்று கண்டாற் போன்றது அது.

இப்பூச்சிகள் ஒன்றையொன்று காண்பது எங்ஙனம் என்ற வினாவும் இங்கே எழுகிறது. ஒரு பெரிய பைன் மரத்தில் ஊசிகளின் தொகை எண்ணிலடங்காது. நெல்மணியிலும் சிறிய ஆண் பூச்சி ஒன்று, அவ்வளவு ஊசிகளுக்கிடையே தன் துணையை எவ்வாறு கண்டுபிடிக்கும்? இலைத்தத்திகளின் குடும்பம் முழுவதுக்கும் பொதுவான விடை ஒன்று உண்டு. அவை பாடுகின்றன, ஆயினும் அப்பாடல் காற்றிலே செல்வதில்லை. வயிற்றின் அடிப்பகுதியிலுள்ள சவ்வுகளை அதிரச் செய்து, அவ்வதிர்வைக் கால்களின் வழியே தாவரத்தின் தண்டுக்குள் அனுப்புகின்றன. தண்டு வழியே சென்ற அதிர்வை மற்றப் பூச்சி தன் கால்களால் உணர்கிறது. சுவீடன் தேசத்தைச் சேர்ந்த ஒசியானில்சன் என்னும் அறிஞர், இத்தகைய பூச்சிகளைச் செடித்துண்டுடன் கண்ணாடிக் குழாயில் இட்டு, குழாயைக் காதோடு சேர்த்து நெடுநாள் கேட்டார். அவ்வொலிகளை விவரித்து 1949இல் நூலொன்றை வெளியிட்டார். அதற்கு முன்னர், சிள்வண்டுகளின் இச்சிறு உறவினர் ஊமைகள் என்றே பெரும்பாலோர் எண்ணியிருந்தனர். வானொலிப் பெட்டியை உரிய அலைவரிசையிலே வைத்தால் மாத்திரம் ஒலி கேட்பதை நேயர்கள் நன்கறிவர். மரக்கிளையும் அவ்வாறே, கேட்கத் தெரிந்த கால்களுக்கு மாத்திரம் அது பேசுகிறது.

இவ்வளவும் பூச்சியைப் பற்றியது. இனி, அதன் பெயரைப் பற்றிக் கூறவேண்டும். பேக்கர் அப்பூச்சிக்குத் தன் பெயரை இடவில்லை. அல்பேட் கோபெலே என்னும் ஒருவரைச் சிறப்பிக்கும் வகையிலேயே அப்பெயரை அமைத்தார். கோபெலே என்பவர் யார்?

ஜேர்மனியின் வால்ட்கேர்க் என்னும் ஊரில் 1853இற் பிறந்த கோபெலே, இளமையிலேயே அமெரிக்காவுக்குச் சென்றார். அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் தலைமைப் பூச்சியியலாளராயிருந்த சாள்ஸ் றைலி, பூச்சிகளைப் பிடிப்பதிலும் பேணுவதிலும் அவருக்கிருந்த கைத்திறனைக் கண்டு வேலைக்கு அமர்த்தினார். 1885 முதல் கோபெலே கலிபோர்ணியாவிற் பணியாற்றினார்.

அக்காலத்தில் கலிபோர்ணியாவின் தோடைச் செய்கைக்குப் பெரும் ஆபத்து நேர்ந்திருந்தது. 1860களின் இறுதியிலே, அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த வேல மரங்களோடு செதிற்பூச்சி ஒன்றும் வந்து சேர்ந்தது. பஞ்சுமெத்தை போன்ற வெண்ணிற முட்டைப் பையைச் சுமந்து, கிளைகளை மொய்த்துச் சாற்றை உறிஞ்சுவது அது. இருபது ஆண்டுகளுக்குள் தென் கலிபோர்ணியாவின் தோடைத் தோட்டங்கள் வெண்பனி பெய்தாற் போலக் காட்சியளித்தன. கழுவினர், மருந்து தெளித்தனர், கூடாரமிட்டு நச்சுப் புகையூட்டினர். பயனில்லை. தம் கையால் நட்ட மரங்களைத் தாமே வெட்டித் தீயிட்டோர் பலர். நிலத்தின் விலை வீழ்ந்தது.

இப்பூச்சி அவுஸ்திரேலியாவில் இத்துணைக் கேடு விளைவிக்கவில்லை என்பதை றைலி உணர்ந்தார். பிறந்த நாட்டில் அதை அடக்கி வைக்கும் பகைவர் இருத்தல் வேண்டும். அப்பகைவரைக் கொண்டுவந்தால் இங்கும் அது அடங்கும் என்பது அவர் துணிபு. அடிலெயிட் நகரிலிருந்த பிறேசர் குறோபோட் என்பவர், அச்செதிற்பூச்சியின் உடலினுள் வளரும் ஒரு சிறு ஈயைக் கண்டு, அச்செய்தியை எழுதியுமிருந்தார். ஆளை அனுப்ப வேண்டியதே குறை. அங்கேதான் இடர் ஏற்பட்டது. திணைக்களத்தின் பூச்சியியலார் அரசாங்கச் செலவில் வெளிநாடு செல்லலாகாது என்று கொங்கிரஸ் சபை தடை விதித்திருந்தது. 1888இல் மெல்போண் நகரிற் பெருங் கண்காட்சி ஒன்று நடைபெற இருந்தது. அதற்குச் செல்லும் அமெரிக்கத் தூதுக்குழுவின் பணத்திலிருந்து இரண்டாயிரம் டொலர் ஒதுக்கப்பெற்று, அக்குழுவைச் சேர்ந்தவராக கோபெலே புறப்பட்டார்.

1888 ஆகஸ்ட் 25ஆந் தேதி சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கப்பலேறிய அவர், அந்த ஈயையே முதலிலே தேடினார்; ஆயிரக்கணக்கில் அனுப்பியும் வைத்தார். அக்டோபர் 15ஆந் தேதி, வட அடிலெயிட்டில் ஒரு வீட்டுத் தோட்டத்திலே, சிவப்பும் கறுப்புமான பொறிவண்டு ஒன்று அச்செதிற்பூச்சியை உண்பதைக் கண்டார். மிளகினும் சற்றுச் சிறிய வண்டு அது. அவ்வண்டுகளிற் சிலவற்றையும் திரட்டி, கப்பலின் குளிர் அறையில் வைத்து அனுப்பினார். மூன்று தவணைகளிலே, 28, 44, 57 என, 129 வண்டுகள் லொஸ் ஏஞ்சலிஸ் நகரை அடைந்தன. அங்கே கொக்கிலெட் என்னும் உத்தியோகத்தர், தோடை மரம் ஒன்றைச் சுற்றித் துணிக் கூடாரம் அமைத்து, அவ்வண்டுகளை அதனுள் விட்டார். 1889 ஏப்ரல் மாதத்தில், மரத்திலிருந்த செதிற்பூச்சிகள் அனைத்தும் தீர்ந்துவிட்டன. கூடாரத்தின் ஒரு பக்கம் திறக்கப்பட்டது. வண்டுகள் அடுத்த மரங்களுக்குப் பரவின. ஜூன் மாதத்துக்குள் 10,555 வண்டுகள் பல தோட்டங்களுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டன. அவ்வாண்டு முடிவதற்குள் பெரும் ஆபத்து நீங்கிற்று. லொஸ் ஏஞ்சலிஸ் பகுதியிலிருந்து புகையிரதத்தில் அனுப்பப்பெற்ற தோடம்பழம் ஒரே ஆண்டில் 700 பெட்டி வண்டிகளிலிருந்து 2,000 ஆக உயர்ந்தது. முழு முயற்சிக்கும் ஆன செலவு ஐயாயிரம் டொலருக்கும் குறைவே. நன்றியறிவு மிக்க தோட்டக்காரர்கள் கோபெலேக்குப் பொன் கடியாரமும், அவர் மனைவிக்கு வைரத் தோடுகளும் பரிசளித்தனர்.

உயிரைக் கொண்டு உயிரை அடக்கும் இம்முறை அதன் பின்னர் உலகெங்கும் பரவிற்று. அதே பொறிவண்டு பல நாடுகளுக்குக் கொண்டு செல்லப்பட்டது. 1920களின் இறுதியில், நீலகிரி மலையிலே வேல மரங்களை அதே செதிற்பூச்சி தாக்கியபோது, அங்கும் அவ்வண்டே வரவழைக்கப்பட்டது. கோபெலே அடிலெயிட் தோட்டத்திற் குனிந்து பார்த்த ஒரு நொடியின் பயன், ஒரு தலைமுறை கழித்துத் தமிழகத்தின் மலையுச்சியையும் எட்டிற்று எனலாம்.

கோபெலியாவின் கதையிலே ஒரு வியப்பும் உண்டு. யாருடைய பெயரை ஒரு தத்தி தாங்கியதோ, அவரே பின்னொரு காலத்தில் வேறொரு தத்தியை அடக்கச் செல்ல நேர்ந்தது. கோபெலே 1893இல் அமெரிக்க அரசாங்க வேலையைத் துறந்து, ஹவாய்த் தீவுகளின் சேவையிற் சேர்ந்தார். 1900ஆம் ஆண்டளவில் அத்தீவுகளின் கரும்புத் தோட்டங்களிலே புதியதொரு தத்தி காணப்பட்டது. கபிலநிறத் தத்தியின் நெருங்கிய உறவினது அது. சில ஆண்டுகளுக்குள் கரும்பு ஆலைகளின் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. 1904இல் கோபெலேயும் ஆங்கிலேயரான பேர்க்கின்ஸ் என்பவரும் அவுஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துக்குச் சென்றனர். கரும்பு இலைக்குள் தத்தி இட்ட முட்டைகளிலே தம் முட்டையை இடும் மிக நுண்ணிய குளவிகளை அங்கிருந்து அனுப்பினர். நிலைமை பெரிதும் சீரடைந்தது. 1920இல் மூயர் என்பவர், தத்தியின் முட்டைகளை உறிஞ்சும் சிறு நாவாய்ப்பூச்சி ஒன்றைக் கொண்டுவந்த பின்னர், அத்துன்பம் ஏறக்குறைய முற்றாக நீங்கிற்று.

அப்போது கோபெலே அங்கே இல்லை. உடல்நலம் குன்றியதனால் 1908இல் ஹவாயை விட்டுத் தாய்நாடு திரும்பியிருந்தார். முதல் உலகப் போரும் அதன் பின் வந்த வறுமையும் அவருடைய முதுமையை வருத்தின. 1924 டிசம்பரில், பிறந்த ஊராகிய வால்ட்கேர்க்கிலேயே அவர் காலமானார்.

அவர் செய்த உதவியை அவருக்குப் பின் வந்தோர் எப்போதும் நினைவிற் கொண்டனர் என்று கூறுவதற்கில்லை. இரண்டாம் உலகப் போரின் பின்னர், டீ.டீ.ரீ. என்னும் புதிய நஞ்சு தோட்டங்களுக்கு வந்தது. 1946, 1947ஆம் ஆண்டுகளிலே கலிபோர்ணியாவின் தோடைத் தோட்டங்கள் சிலவற்றில் அதைப் பெருமளவில் தெளித்தனர். நஞ்சுக்குச் செதிற்பூச்சி தப்பியது, பொறிவண்டு மடிந்தது. அரை நூற்றாண்டுக் காலம் மறைந்திருந்த வெண்ணிற மொய்ப்பு மீண்டும் கிளைகளை மூடிற்று. தெளிப்பதை நிறுத்தி, வண்டுகளை மீண்டும் விட்ட பின்னரே மரங்கள் தேறின. காவற்காரனைக் கொன்றபின் கள்வனைத் தேடி அலைந்த கதை அது.

செதிற்பூச்சியும் கரும்புத் தத்தியும் மனிதர்க்குப் பொருளிழப்பைத் தந்தன. ஆதலின் அவற்றைப் பற்றி எத்தனையோ அறிக்கைகள் எழுதப்பட்டன. கோபெலியாவோ எந்தத் தோட்டத்தையும் அழித்ததில்லை; எந்த மரவியாபாரியையும் ஏழையாக்கியதில்லை. தான் பிறந்த பைன் மரத்திற் சிறிதளவு சாற்றைக் குடித்து, அதிலேயே முட்டையிட்டு, அதிலேயே மடிகிறது. இத்தகைய அமைதியான உயிரைக் கவனிப்பதற்கு ஆள் கிடைப்பது அரிது. நெல்லுக்கோ கரும்புக்கோ தீங்கு செய்யும் தத்திகளைப் பற்றி எழுதப்பட்டவை ஒரு நூலகத்தையே நிரப்பும். கோபெலியாவைப் பற்றி எழுதப்பட்டவையோ ஒரு கைப்பெட்டிக்குள் அடங்கிவிடும்.

ஆயினும், ஒரே வகை மரத்தை நம்பி வாழும் உயிர்க்கு ஓர் ஆபத்து உண்டு. மரத்துக்கு வரும் கேடே அதற்கும் கேடு. கலிபோர்ணியாவில் 2012 முதல் 2016 வரை கடும் வரட்சி நிலவிற்று. நீர் குறைந்த மரங்களிற் பிசின் குறைந்தது. பிசின் குறைந்த மரங்களைப் பட்டை வண்டுகள் துளைத்தன. 2010ஆம் ஆண்டிலிருந்து 2017 வரை அம்மாநிலத்தில் 12 கோடியே 90 இலட்சம் மரங்கள் பட்டுப்போயின என்று அமெரிக்க வனச் சேவை கணக்கிட்டது. அவற்றிற் பைன் மரங்கள் மிகப் பல. அடுத்து வந்த ஆண்டுகளில் பெருந் தீயும் காடுகளை அழித்தது. மரங்களை விமானத்திலிருந்து எண்ண முடிந்தது. அவற்றின் ஊசிகளிடையே வாழ்ந்த சிற்றுயிர்களை எண்ண எவராலும் இயலாது.

பைன் மரங்களின் வரலாற்றிலே இதற்கு நேர்மாறான செய்தியும் ஒன்று உண்டு. மொண்டெறே பைன் என்னும் இனம் இயற்கையாக வளர்வது கலிபோர்ணியாவின் கடற்கரையில் மூன்று சிறு இடங்களிலும், மெக்சிக்கோவுக்குரிய இரண்டு தீவுகளிலுமே. ஆயினும் அதன் விதையைக் கொண்டுசென்று நியூசிலாந்து, சிலி, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளில் இலட்சக்கணக்கான ஹெக்டயர் பரப்பில் வளர்த்து வருகின்றனர். உலகெங்கும் பரந்து நிற்கும் மரம், தன் பிறந்தகத்திற் சிறு சிறு தோப்புகளாகவே எஞ்சியிருக்கிறது. மரத்தை நட்டோர் விதையை மாத்திரமே கொண்டு சென்றனர். அம்மரத்தோடு கூடி வாழ்ந்த நூறு சிற்றுயிர்களை அவர்கள் கொண்டு செல்லவில்லை. நட்டு வளர்த்த மரக்கூட்டத்துக்கும் தானாக வளர்ந்த காட்டுக்கும் உள்ள வேற்றுமையை அறிய விரும்புவோர் இதனைச் சிந்தித்தல் வேண்டும். மலைநாட்டுப் பைன் தோப்பினுள்ளே நிலவும் வெறுமைக்கும் இது ஒரு காரணமே.

கோபெலேக்கு அளிக்கப்பெற்ற பொன் கடியாரம் ஒரு காலத்திற்கு உரியது. தோட்டக்காரர்களின் பாராட்டும் அவ்வாறே. ஆயின், பேக்கர் 1897இல் அளித்த பரிசு வேறு வகையானது. அதற்கு விலையில்லை, அதை விற்கவும் முடியாது. பைன் மரமும் அதன்மேல் அச்சிறு பூச்சியும் உள்ள வரையில், ஒவ்வொரு தலைமுறையிலும் யாரேனும் ஒரு மாணவன் கிளையைத் தட்டி, துணியில் விழுந்த அத்தட்டைத் தலைப் பூச்சியைக் கண்டு, 'இது கோபெலியா' என்று ஏட்டிற் குறிப்பான். மரம் அழியின் பூச்சி அழியும். பூச்சி அழியின் அப்பெயர் நூலகத்து ஏட்டிலே வெறும் எழுத்தாக நிற்கும். ஒரு மனிதரின் நினைவு நெல்மணியிலும் சிறிய ஓர் உயிரின் மேல் தங்கியிருக்கிறது. அவ்வுயிரோ ஓர் ஊசியிலையின் மேல் தங்கியிருக்கிறது.